நிழலில் உலர்ந்த பச்சை

கடல் வந்து கால் தொட்டு மீளும் கோணமலையின் உச்சியில் அமர்ந்து, கப்பலையும் கட்டுமரத்தையும் ஒரே கருணையோடு காக்கும் அப்பனே! அவன் இடப்பாகம் பிரியாத அம்மையே! எத்தொழிலுக்கும் முன்னே வந்து நிற்கும் யானைமுகத்துப் பிள்ளையே! எழுதுகோல் இடறாமலும் நினைவு பொய் சொல்லாமலும் காத்தருளுங்கள். கண்ணுக்குள் இருந்து காண்பதும் நீங்கள், காணப்படுவதும் நீங்கள். நடுவிலே நின்று மங்கலாகப் பார்த்தவன் மட்டுமே நான்.

தைத் திங்களில், வெள்ளிக்கிழமையும் பூச நட்சத்திரமும் கூடிய இந்நன்னாளில், காலைப் பூசை முடித்து, நெற்றியில் இட்ட நீறு உலருமுன் இதனை எழுதத் தொடங்குகிறேன். எழுதப்போவது முருங்கையிலைத் தூளைப் பற்றி. இறைவனைப் பாடிப் பழகிய வாய் இலையைப் பாடலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அந்த இலை இல்லாவிடில், பாடுவதற்காக நான் எந்தத் தெருவோரக் கானுக்குள் விழுந்து கிடந்திருப்பேனோ, அதை அறிந்தவன் அவன் ஒருவனே.

வெள்ளைக்காரரின் போர்க்கப்பல்கள் எங்கள் துறைமுகத்தை விட்டுப் போய்ச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். நான் துறைமுகப் பண்டசாலை ஒன்றில் எழுதுவினைஞனாக இருந்தேன். கயிறு, தார், வர்ணம், ஆணி ஆகியவற்றின் நடுவே பகல் கழியும். மாலையில் சைக்கிளை உழக்கிக்கொண்டு கடற்கரை வீதி வழியாக எங்கள் தெருக் கோயிலுக்குப் போவேன். அங்கே பண்ணோடு பதிகம் பாடும் கூட்டம் ஒன்றில் நானும் ஒருவன். ஒன்பது பேர். பங்குனித் திருவிழாவின் ஊர்வலத்தில் சுவாமிக்குப் பின்னால் நாங்கள் ஒன்பது பேரும் பாடிக்கொண்டு நடப்போம். முன்வரிசையில் நின்று முதலடி எடுத்துக் கொடுப்பவர் ஒருவர். அந்த ஒருவராக ஆகவேண்டும் என்பதே என் வாழ்வின் பெருவிருப்பமாக இருந்தது. பிறருக்குப் பதவி உயர்வு எப்படியோ, எனக்கு அந்த இடம் அப்படி.

அதற்காக ஒரு விரதம் பூண்டேன். எந்த நூலிலும் இல்லாத விரதம். நானே யாத்தது. முன்நின்று பாடும் பேறு கிடைத்து, ஒரு திருவிழாவை அவ்விடத்தில் பாடி நிறைவு செய்யும்வரை நாளுக்கு ஒருபொழுது மட்டுமே உண்பேன். அதுவும் மாலைப் பூசை முடிந்த பிறகே உண்பேன் என்று மூலத்தானத்தின் முன் நின்று சொல்லிவிட்டேன். நாவுக்கு எது இனித்ததோ அதையெல்லாம் விட்டேன். பால் விட்டேன், நெய் விட்டேன், மாம்பழம், பப்பாசிப்பழம் விட்டேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய், உப்பு. இவையே என் அமுதம்.

இரவில் இஞ்சி, தயிர், கீரை ஆகாது என்பது எங்கள் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்த ஒழுக்கம். அதுவும் நல்ல ஒழுக்கம்தான். என் விரதமும், சொல்லிக்கொள்ளலாம், தீய விரதமன்று. ஆனால் இரண்டும் ஒரே மனிதனுக்குள் குடிவந்தபோது, பகலில் உண்பதில்லை, இரவில் கீரை இல்லை என்றாகி, இரண்டு ஆண்டுகளாக ஒரு பச்சை இலை கூட என் தொண்டைக்குள் இறங்கவில்லை. இதை நான் கவனிக்கவில்லை. என் மனைவி கவனித்துச் சொன்னபோது, விரதத்தின் பெருமை பெண்களுக்கு விளங்காது என்று மனத்துள் நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லும் துணிவு இல்லை. அவர் கொட்டியாரக் குடாவின் அக்கரையில், கட்டைபறிச்சானில், வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவர். பேச்சில் அரிவாள் கூர்மை.

இறைவன் கேட்டதைக் கொடுத்தான். முன்நின்று பாடி வந்த பெரியவருக்கு இளைப்பு நோய் கண்டு, அவர் மகளோடு ஈச்சிலம்பற்றுக்குப் போய்விட்டார்; பின்வரிசைக்குப் புதியவர் ஒருவர் வந்தார். வரும் பங்குனிக்கு நீர்தான் முன்நிற்க வேண்டும் என்று கார்த்திகை மாதத்தில் கோயில் குருக்கள் என்னிடம் சொன்னார். அன்று வீடு திரும்பும்போது உலகமே மங்கலாகத் தெரிந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று எண்ணினேன். மறுநாள் மாலையும் மங்கலாகத் தெரிந்தது. அடுத்த நாளும் அப்படியே.

பகலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பண்டசாலையில் ஆணியின் கொண்டையைக்கூட எண்ணுவேன். பொழுது துறைமுகத்துக்கு அப்பால் சாய்ந்ததும், யாரோ கறுத்த சல்லடைத் துணியால் என் முகத்தை மூடியது போல இருக்கும். அதற்கு நான் கண்டுபிடித்த காரணத்தை இன்று எழுதும்போது வெட்கமாகவும் சிரிப்பாகவும் இருக்கிறது. அடியாருக்கு உள்ளொளி பெருகப் பெருக வெளியுலகம் மங்கும் அல்லவா! விரதம் பலிக்கத் தொடங்கிவிட்டது என்று எண்ணினேன். மாயையின் திரை மெல்ல விலகுகிறது என்று மகிழ்ந்து, விலகாத திரையில் முட்டி முட்டி நடந்தேன்.

மார்கழியின் ஒரு மாலை. எங்கள் வீட்டுக்குப் போகும் சிறு ஒழுங்கையின் முகப்பில் வெள்ளை உடுத்த ஒருவர் தலைகுனிந்து நின்றார். வயதில் மூத்தவர் என்று பட்டது. சைக்கிளை விட்டிறங்கி, இரு கையும் கூப்பி, "வணக்கம் ஐயா! பூசை முடிஞ்சுதோ?" என்று கேட்டேன். பதில் இல்லை. மௌன விரதம் போலும் என்று இன்னும் தாழ்ந்து வணங்கினேன்.

பின்னால் மனைவியின் குரல் கேட்டது.

"இஞ்சாருங்கோ! அது பக்கத்து வீட்டு வெள்ளை மாடு. பூசை முடிஞ்சுதோ எண்டு அதுக்கு என்னண்டு தெரியும்?"

"எனக்குத் தெரியும் மாடெண்டு. பசு இலட்சுமி எல்லே, அதுதான் கும்பிட்டனான்."

"அது காளை."

அதற்கு மேல் ஒன்றும் மறைக்க இயலவில்லை. குசினிக்குள், அடுப்படி விளக்கின் அருகே என்னைக் கதிரையில் இருத்தி, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். உள்ளொளிக் கொள்கையை விளக்கிச் சொன்னேன். அவர் நெடுநேரம் என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றே நினைக்கிறேன், எனக்கு அவர் முகம் தெரியவில்லை.

"உள்ளொளியோ! உங்கடை உள்ளொளியைக் கொண்டுபோய் அப்பொத்திக்கரி ஐயாட்டைக் காட்டுவம் வாங்கோ. பங்குனிக்கு இன்னும் மூண்டு மாசம் கிடக்கு. இந்தக் கண்ணோடை சுவாமிக்குப் பின்னாலை நடந்தீங்களெண்டால், முதல் மூலை திரும்புமுன்னம் கானுக்குள்ளை பாட்டுப் படிப்பீங்கள்."

அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. விளக்குகள் எல்லாம் சுவாமிக்கு முன்னும் இருபுறமும் போகும். பின்னால் நடப்பவர்களுக்குச் சுவாமியின் நிழல்தான் மிஞ்சும். தெருவிளக்கு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே நீண்ட இருட்டு. இருபக்கமும் ஆழமான கான். முன்நிற்பவன் விழுந்தால் பின்னால் வரும் எட்டுப் பேரும் அவன்மேல் விழுவார்கள். இரண்டு ஆண்டு தவமிருந்து பெற்ற இடத்தை நானே போய்க் குருக்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமோ என்று அன்றுதான் முதன்முதலாக அஞ்சினேன்.

மருந்தகத்தின் அப்பொத்திக்கரி கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர். மருந்தோடு ஒரு பகிடியும் சேர்த்துத் தருபவர். என் கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்தார், என்ன உண்கிறேன் என்று கேட்டார். நான் விரத விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"தம்பி, நாங்களும் நோன்பு பிடிக்கிறம். பொழுது பட்டா நோன்பைத் திறக்கிறம், பேரீச்சம்பழம், கஞ்சி, பழமெண்டு சாப்பிடுறம். நீங்க ரெண்டு வருசமா நோன்பைத் திறக்கவே இல்லையே!"

பிறகு விளக்கமாகச் சொன்னார். இது மாலைக்கண். விற்றமின் ஏ என்ற ஒன்று உடம்பில் வற்றினால் முதலில் அந்திப் பார்வை போகும். விட்டால் கண்ணே கெடும். அலுமாரியைத் திறந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். சுறா ஈரல் எண்ணெய். "ஒரு நாளைக்கு ஒரு கரண்டி. பத்து நாளில ஊசியில நூல் கோர்ப்பீங்க."

நான் கதிரையை விட்டே எழுந்துவிட்டேன். "ஐயா, நான் மச்சம் தொடாதவன்."

"தெரியும். கேட்டுப் பாத்தன்." அவர் போத்தலை மீண்டும் உள்ளே வைத்தார். "அப்ப இலை. முருங்கையிலை. தினமும் ஒரு கோப்பை. அதோட கொஞ்சம் தேங்காப்பால். எண்ணைப்பசை இல்லாட்டி அது உடம்பில ஒட்டாது."

"பகலில் உண்ணமாட்டேன், ஐயா. இரவில் கீரை ஆகாது."

அவர் என் மனைவியைப் பார்த்தார். "தங்கச்சி, இவர எப்படி வெச்சுக்கொண்டிருக்கிறீங்க?"

"பொறுமையா" என்றார் மனைவி.

வீட்டு வாசலில் கால் வைத்ததும் மனைவி கேட்டார்.

"இரவிலை இஞ்சி ஆகாது, என்ன?"

"ஆகாது."

"போன கிழமை உங்களுக்கு வயிறு பொருமினபோது இரவிலை என்ன குடிச்சனீங்கள்?"

"சுக்குக் கசாயம்."

"சுக்கு எதிலை இருந்து வாறது?"

இஞ்சி வேறு, சுக்கு வேறு என்றால், இலை வேறு, உலர்ந்த தூள் வேறு. வேப்பம்பூ வடகத்தை இரவில் பொரித்துத் தின்கிறோம்; சுண்டைக்காய் வற்றலை இரவில் தின்கிறோம். உலர்ந்த பொருளுக்கு இரவு விலக்கு இல்லை என்று வாசலில் நின்றபடியே அவர் சாத்திரம் வகுத்துவிட்டார். மறுநாள் குருக்களிடம் போய், கண்ணின் நிலையை மட்டும் மறைத்து, உலர்ந்த இலையை விரதச் சோற்றில் சேர்க்கலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"தம்பி, அந்த விரதத்தை நீர்தானே எழுதினனீர்? சுவாமி ஏதும் திருத்தச் சொன்னவரோ? சேரும், சேரும்!"

ஆக, இலை தேவை. எங்கள் வளவில் முருங்கை நின்றது. ஆனால் மாரிமழையோடு மயிர்க்கொட்டிப் புழு ஏறி, அடிமரம் முழுவதும் கம்பளி போர்த்ததுபோல் கிடந்தது. இலை ஒன்றும் மிஞ்சவில்லை. மனைவி தன் தமையனுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். தை பிறந்த மூன்றாம் நாள் குடாவைக் கடந்து வரும் மூதூர் லோஞ்சிப் படகில் ஒரு பெரிய சாக்கு வந்து இறங்கியது. சாக்கு நிறைய முருங்கையிலை. கடல்காற்றில் பாதி வாடியிருந்தது. உடனே உலர்த்தாவிட்டால் அழுகிவிடும்.

இங்கேதான் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வருகிறார். சாம்பல்தீவுக்கு அப்பால் சல்லியில் பிறந்து, எங்கள் கரையில் வாழ்க்கைப்பட்ட மீன்பிடிக் குடும்பத்துப் பெண்மணி. அந்த வெள்ளைக் காளையும் அவருடையதுதான். கரை முழுவதும் அவர் கருவாட்டுக்குத் தனிப் பெயர். சாக்கைக் கண்டதும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டார்.

"எடி பிள்ளை, காயவைக்கிறதெண்டால் என்னைக் கேள். நான் பிறந்து விழுந்ததே கருவாட்டுப் பாயிலைதான்."

"அக்கா, இவருக்கு மச்ச மணம் பட்டால் சோறு இறங்காது."

"புதுப் பாய் விரிக்கிறன், பிள்ளை. இந்தக் கடலே மணந்தாலும் என்ரை பாய் மணக்காது. உன்ரை மனுசன் விபூதி எண்டு நினைச்சுப் பூசுவார், பார்!"

சொன்னது போலவே செய்தார். கழுவிய மணலின்மேல் நான்கு புதுப் பனையோலைப் பாய்களை விரித்து, இலையை ஒரு விரற்கடைக்குமேல் தடிக்காமல் பரப்பி, காகம் வராமல் பழைய வலையை மேலே கட்டி, காலையில் ஒருமுறையும் உச்சியில் ஒருமுறையும் புரட்டி, மூன்று நாள் தை வெயிலில் வறுத்தெடுத்தார். சுறாவைக்கூட அவர் அத்தனை அன்போடு உலர்த்தியிருக்க மாட்டார். மூன்றாம் நாள் இலையைக் கையில் எடுத்தால் நொறுங்கியது. உரலில் இட்டு இடித்து, சல்லடையில் அரித்து, சாடியில் நிரப்பினோம். மீன் மணம் துளியும் இல்லை. அக்கா தூளைக் கையிலெடுத்து ஊதிக் காட்டினார், புகைபோலப் பறந்தது. மூவரும் பெருமையோடு சிரித்தோம்.

அன்று முதல் இரவுச் சோற்றுக்குத் தேங்காய்ப்பால் சொதி. அதில் இரண்டு கரண்டி தூள். ஒவ்வொரு மாலையும் விளக்கு வைக்கும் நேரத்தில் மனைவி முற்றத்தில் எங்கோ ஒரு பித்தளைச் செம்பை வைத்துவிட்டு, எடுத்து வாருங்கள் என்பார். முதல் நாள் கிணற்றடியில் தேடினேன், அது துளசிமாடத்தருகே இருந்தது. ஐந்தாம் நாள் அம்மியை எடுக்கக் குனிந்தேன். பத்தாம் நாள், பதினைந்தாம் நாள் என்று கழிந்தன. தைமாதம் முடிய, செம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. நான்தான் வளவெங்கும் அலைந்தேன். பதிகத்தின் முதலடியை எடுத்துப் பயிற்சி செய்யும்போதெல்லாம் குரல் நடுங்கியது. குருக்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று இருமுறை கோயில் வாசல்வரை போய்த் திரும்பினேன்.

மனைவி சாடியோடு என்னை மீண்டும் அப்பொத்திக்கரியிடம் கூட்டிப் போனார். பெரியவர் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன நிறம்?"

"வைக்கோல் நிறம்" என்றார் மனைவி, குரல் தாழ்ந்து.

"அப்ப மாட்டுக்குப் போடுங்க."

"மாடு ஏற்கெனவே இவரிட்டைக் கும்பிடு வாங்கிட்டுது ஐயா, இதுவும் அதுக்கே போகட்டும்."

கதையைக் கேட்டுப் பெரியவர் மேசையில் தட்டிச் சிரித்தார். பிறகு யார் உலர்த்தியது, எப்படி உலர்த்தியது என்று கேட்டறிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தக் கரையில இருக்கிற எல்லாரும் செய்யிற பிழை இது. மீனைப்போல இலையையும் நினைச்சிட்டீங்க. மீனுக்கு வெயில் வேணும், இல்லாட்டிப் புழுத்துப் போகும். இலைக்கு நிழல் வேணும். வெயில் சுட்டா அந்தப் பச்சை போகும். பச்சை போனா கண்ணுக்கு வேண்டியதும் அதோட போச்சு. வீட்டுக்குள்ள காத்தோட்டமா விரிங்க. காஞ்ச பிறகும் பச்சையாக் கிடந்தா மட்டும் எடுங்க."

திருவிழாவுக்கு முப்பத்தைந்து நாளே இருந்தன. அடுத்த லோஞ்சியில் இரண்டாவது சாக்கு வந்தது. அந்த வாரம் எங்கள் வீட்டில் நடக்க இடமில்லை. கயிறு கட்டிச் சேலை, வேட்டி, போர்வை என்று இருந்த துணியெல்லாம் தொட்டில்போல் தொங்க, அவற்றின்மேல் இலை. படுக்கும் கட்டிலின்மேல் இலை. நாங்கள் குசினியில் பாய் போட்டுப் படுத்தோம். சுவாமி அறையில் மட்டும் வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டு அக்கா அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. தன் கைவேலை வீணாய்ப் போனதில் அவருக்கு இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் தாமாகவே வந்து நின்றார்.

"அந்தக் கிண்ணியாத் தொரைக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்?" என்று தொடங்கினார்.

"மீனைப் பற்றி அவர் ஒண்டும் சொல்லேல்லை அக்கா, இலையைப் பற்றித்தான் சொன்னவர்."

"அப்ப சரி. சுவாமி அறை ஏன் வெறுமையாக் கிடக்கு? அதுதான் இந்த வீட்டிலை வெயில் எட்டிப் பாக்காத ஒரே இடம். சுவாமிக்கு வில்வ இலை ஆகுமெண்டால் முருங்கையிலை ஆகாதோ?"

சுவாமி அறையிலும் இலை விரிந்தது. படங்களின் முன்னே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கிடந்த அதன் அருகே அமர்ந்து நான் காலையில் பாடினேன். நாலாம் நாள் இலை காய்ந்தது. நிறம் போகவில்லை, சற்று ஆழ்ந்தது, அவ்வளவே. இடித்தபோது எழுந்த மணம் புதுமழை பெய்த வளவின் மணம். சொதியில் இட்டதும் அது குளத்துப் பாசி நிறமானது. சுவை கசப்பு. இரண்டு ஆண்டு இனிப்பை விட்டவனுக்கு அந்தக் கசப்பு விருந்தாக இருந்தது.

பதினோராம் மாலையோ பன்னிரண்டாம் மாலையோ, செம்பைத் தேட முற்றத்தில் இறங்கினேன். செம்பு தெரியவில்லை. ஆனால் மயிர்க்கொட்டி விட்டுப்போன எங்கள் முருங்கையில் வெள்ளையாக ஏதோ தொங்கியது. பூ. மங்கும் வெளிச்சத்தில் கொத்துக் கொத்தாகப் பூ. எத்தனை கொத்து என்று எண்ணிச் சொன்னேன். மனைவி மரத்தடிக்கு வந்து, தாமும் எண்ணிப் பார்த்தார்.

"ரெண்டு குறைவாச் சொல்லுறீங்கள்" என்றார். ஆனால் அன்று சொதியில் தூள் மூன்று கரண்டி.

பங்குனித் திருவிழாவின் ஊர்வல மாலை வந்தது. வானத்தில் மேகம். சுவாமி கோயில் வாசலைக் கடந்ததும் முதலடியை எடுத்தேன். குரல் நடுங்காமல் நின்றது. வீதியும், சாம்பல் நிறமாகத்தான், ஆனாலும் தெளிவாகக் காலடியில் நின்றது. கானின் விளிம்பு எது, வீதி எது என்று பிரித்தறிய முடிந்தது. இருட்டில் கிடந்த சாணியைக்கூடக் கண்டு விலகினேன்; அப்போது என் மனத்தில் எழுந்த நன்றி, எந்தப் பொற்கோயிலின் கலசத்தைக் கண்டும் எழுந்ததில்லை.

இரண்டாம் பதிகம் தொடங்கியபோது யாரோ பின்னால் என் சால்வையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினேன். எங்கள் கூட்டத்தில் சுருதிப்பெட்டி பிடிப்பவர். சுங்கக் கந்தோரில் வேலை செய்பவர், என் வயதினர். காற்றில் துழாவுவது போல ஒரு கை நீண்டிருந்தது. பாட்டை மற்றவர்கள் வாங்கிப் பாடும் இடைவெளியில் என் காதருகே சொன்னார்.

"அண்ணை, சால்வையை விட்டிடச் சொல்லாதேங்கோ. பொழுது பட்டால் எனக்கு ஒண்டும் தெரியிறேல்லை."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம். நீங்கள் பிடிச்ச விரதத்தைத்தான் நானும் ஒண்டரை வருசமாப் பிடிக்கிறன். உங்களுக்குச் சுவாமி இடம் தந்தவர். எனக்கும் ஏதும் தருவாரெண்டு."

அடுத்த அடியை எடுக்க வேண்டிய நேரம். எடுத்தேன். ஆனால் என் வாய் பாடியது ஒன்று, நெஞ்சு பாடியது மற்றொன்று. நானே எழுதிய விரதத்தை, நானே பெருமையாகப் பேசித் திரிந்த விரதத்தை, ஒரு நல்ல மனிதர் வேதவாக்காக எடுத்துத் தம் கண்ணையும் கொடுத்திருக்கிறார். இரண்டு மாதமாக ஒரே கோயிலில், ஒரே தூணின் இருபுறமும் நின்று, இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரே குறையை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்! சுருதிப்பெட்டியை அவர் தோளிலிருந்து வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். அவர் கையை என் கையில் இறுக்கிக்கொண்டேன். வீதி முழுவதும், கடற்கரை மூலை திரும்பி, சந்தை வழியாகக் கோயில் வாசல் வரும்வரை, இடக்கையால் அவரை நடத்தி, வலக்கையால் தாளமிட்டுப் பாடினேன். கான் வந்தால் கையை அழுத்துவேன், மேடு வந்தால் சற்று உயர்த்துவேன். முன்நின்று பாடுவது என்றால் என்ன என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. சந்தையில் மறுநாள், "என்ன பக்தி, என்ன ஒற்றுமை! கை கோத்தல்லோ பாடினவையள்" என்று பேசிக்கொண்டார்களாம்.

திருவிழா நிறைந்ததும் குருக்களிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண் மங்கியதை மறைத்ததையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "விரதத்தை நிறைவு செய்யும், தம்பி. மற்றவரையும் நிறைவு செய்யச் சொல்லும். நாளைக்குப் பகல் சாப்பாடு" என்றார், விதித்தார் என்றே சொல்லலாம்.

மறுநாள் நண்பகல் எங்கள் வீட்டில் ஒன்பது வாழையிலை விழுந்தது. பகல் வெளிச்சத்தில், இரண்டு ஆண்டுக்குப் பின், சோற்றின் பக்கத்தில் தேங்காய்ப்பூ இட்ட முருங்கையிலை வறை. எங்கள் வளவு மரத்தின் புது இலை. சுங்கக் கந்தோர்க்காரர் முதல் கவளத்தை வைத்துக் கண்ணை மூடினார். மனைவி அவர் இலையருகே நின்றார்.

"தம்பி, வறை பகலுக்கு. இந்தத் தூள் இரவுக்கு. சொதியிலை ரெண்டு கரண்டி. அண்ணை புதுசா ஏதும் விரதம் எழுதினால், எழுதி முடிய முதல் எனக்குச் சொல்லிவிடுங்கோ."

"அவருக்கு மட்டுமோ?" என்று இன்னொருவர் இலையிலிருந்து தலை நிமிர்ந்தார். பிறகு வேறொருவர், தமக்கும் அந்தியில் சற்று மங்கல்தான் என்று சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என்னோடு சேர்த்து, ஒன்பது பேரில் நான்கு பேர் என் விரதத்தைப் பிடித்திருந்தார்கள். மனைவி குசினிக்குள் போய்ச் சாடியைப் பார்த்துவிட்டு, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டார். மூன்றாவது சாக்கைத் தன் வீட்டிலேயே விரிக்கலாம் என்று அக்கா அங்கிருந்தே கத்தினார். மீனுக்கு முற்றம், இலைக்கு அறை, இதைத் தான் அப்பவே சொன்னதாகவும் சேர்த்துக்கொண்டார். நாங்கள் ஒருவரும் மறுக்கவில்லை.

அதன் பின் ஒவ்வோர் ஆண்டும் மாரிமழைக்கு முன், மயிர்க்கொட்டி ஏறுமுன், எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளின் உள்ளறைகளில் இலை விரியும். ஒரு சாடி அப்பொத்திக்கரி ஐயாவுக்கும் போகும். பால் குடிக்கும் பிள்ளைகளின் தாய்மாருக்குக் காகிதத்தில் மடித்து, "நிழலில காஞ்சது, நம்பிச் சாப்பிடுங்க" என்று கொடுப்பாராம். நான் அதன் பின்னும் விரதம் பிடித்ததுண்டு, இன்றும் பிடிக்கிறேன். ஆனால் என் உடம்பும் அவன் தந்த கோயில் என்பதை மறந்து அல்ல. விரதத்தின் விதிகளை இப்போது மனைவி ஒருமுறை படித்துப் பார்த்த பிறகே சுவாமியிடம் சமர்ப்பிக்கிறேன்.

இதைப் படித்த நீங்கள் எவராயினும், எக்கரையினராயினும், எவ்வழியில் இறைவனை நாடுவோராயினும், உங்கள் உலையில் அரிசியும் உங்கள் வளவில் பச்சையும் குறையாதிருக்கட்டும். அந்தி சாயும் வேளையில் உங்கள் பிள்ளைகள் உங்கள் முகத்தைக் கண்டு ஓடி வரட்டும். இருட்டில் நடக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கையும், பிடித்து நடத்த ஒரு கையும் உங்களுக்கு வாய்க்கட்டும். அம்மையும் அப்பனும் உங்கள் கண்ணுக்குள் விளக்காக நின்று காக்கட்டும். எல்லோரும் நலமே வாழ்க.